ஷேர் புரோக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இரண்டு புத்தகமும் ஒத்துப் போகிறதா பாருங்கள்!



"ஷேர் மார்க்கெட்டுல செல்போன்லயே பணம் போடலாமாமே, எந்த ஆப் நல்லது மேடம்?" சமீப காலமாக திருமுல்லைவாயில் பகுதிக் குழுக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் வந்து பேசுகிறார்கள். வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. சீட்டுப் பணம் கையில் வந்தவர்களுக்கும், தீபாவளி போனஸ் வாங்கியவர்களுக்கும் "நாமும் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் என்ன?" என்ற எண்ணம் வருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஷேர் வாங்குவது சட்டப்படியான காரியம்தான். ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு.

ஷேர் வாங்குங்கள் என்றோ, வாங்காதீர்கள் என்றோ இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனி ஷேர் ஏறும் என்றும் சொல்ல மாட்டோம். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், யார் மூலமாக வாங்குவது, அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில், எந்தப் பணம்?

புரோக்கரைப் பார்ப்பதற்கு முன் நம் கையில் உள்ள பணம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். குழுவில் உள் கடன் வாங்கி ஷேரில் போடலாமா? கூடாது. ஒரு சின்ன கணக்குப் போட்டால் காரணம் புரியும்.

100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் கடன் வாங்கி ஷேரில் போடுகிறீர்கள் என்று வச்சுக்குவோம். ஒரு வருடம் அசல் அப்படியே நின்றால் வட்டி மட்டும் 1,200 ரூபாய். அப்படியென்றால் அந்த ஷேர் 10,000-லிருந்து 11,200 ஆனால்தான் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற நிலை. ஷேர் ஏறும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தவணை தேதி வந்துவிடும். வங்கி இணைப்புக் கடனும் அப்படித்தான். மாடு வாங்கவும் தையல் மெஷின் வாங்கவும் தந்த பணம் அது. குழுவின் பொதுப் பணம் எல்லா உறுப்பினருக்கும் சொந்தம், அதையும் தொடக் கூடாது.

ஆஸ்பத்திரி செலவுக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்கியது போக, இன்னும் ஐந்து வருடம் தேவைப்படாது என்று தோன்றும் சொந்தப் பணம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

புரோக்கர் என்பவர் யார்?

கோயம்பேடு மார்க்கெட்டில் விவசாயி தன் சரக்கை கமிஷன் மண்டிக்காரர் மூலம் விற்கிறார் இல்லையா? அதுபோலத்தான். நாம் நேராகப் பங்குச் சந்தைக்குப் போய் ஷேர் வாங்க முடியாது. சந்தையில் உறுப்பினராகப் பதிவு செய்த ஒருவர் மூலமாகத்தான் வாங்க முடியும். அவர்தான் புரோக்கர், அதாவது பங்குத் தரகர். வாங்கித் தருவதும் விற்றுத் தருவதும் அவர் வேலை. அதற்கு அவர் வாங்கும் கூலி தரகு.

மும்பை பங்குச் சந்தை 1875-ல் தொடங்கியது. சென்னையிலும் ஒரு பங்குச் சந்தை இருந்தது. 2015-ல் அது மூடப்பட்டுவிட்டது. இன்று பெரும்பாலான வியாபாரம் தேசிய பங்குச் சந்தை எனப்படும் என்.எஸ்.இ.யிலும், மும்பை பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யிலும் நடக்கிறது. எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு செபி. 1992-ல் வந்த சட்டம் இதற்கு அதிகாரம் தந்தது. 2000-ம் ஆண்டிலிருந்து இணையம் வழியாக ஷேர் வாங்க அனுமதி உண்டு. முன்பு கம்ப்யூட்டரில் செய்ததை இப்போது செல்போனில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஷேர் வாங்க மூன்று கணக்கு வேண்டும்.

1. வங்கிக் கணக்கு: பணம் இருக்கும் இடம்.
2. டிரேடிங் கணக்கு: புரோக்கரிடம் இருப்பது. வாங்கு, விற்றுவிடு என்று நாம் சொல்லும் இடம்.
3. டீமேட் கணக்கு: வாங்கிய ஷேர் நம் பெயரில் இருக்கும் இடம்.

மூன்றாவதைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்போம். முன்பெல்லாம் ஷேர் என்பது காகிதப் பத்திரம். பீரோவில் வைத்திருப்பார்கள். தொலையும், கிழியும், போலியும் வரும். 1996-ல் வந்த டெபாசிட்டரி சட்டத்துக்குப் பிறகு அது கணினிப் பதிவாக மாறியது. இந்தப் பதிவை வைத்திருக்கும் நிறுவனங்கள் இரண்டுதான். ஒன்று என்.எஸ்.டி.எல்., இன்னொன்று சி.டி.எஸ்.எல். இவற்றை டெபாசிட்டரி என்கிறோம். டீமேட் கணக்கைத் திறந்து தருவது புரோக்கராக இருந்தாலும், ஷேர் யாருக்குச் சொந்தம் என்ற பதிவு இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறது.

இதை நம் குழு மொழியில் சொல்லலாம். குழுவில் ரொக்க ஏடு எழுதுபவர் ஒருவர். வங்கி பாஸ்புக் போட்டுத் தருவது வங்கி. ஏட்டில் 8,000 என்று எழுதியிருந்தால் பாஸ்புக்கிலும் 8,000 இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று மாதாமாதம் பார்க்கிறோம். ஏடு எழுதுபவர் மேல் சந்தேகம் இருப்பதால் பார்ப்பதில்லை, அது நம் பழக்கம். ஷேர் விஷயத்தில் புரோக்கர் ஆப்பில் தெரிவது ரொக்க ஏடு. டெபாசிட்டரி தரும் கணக்கு பாஸ்புக். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு உண்மைச் சம்பவத்தைப் பாருங்கள்.

கார்வியில் நடந்தது என்ன?

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டது கார்வி ஸ்டாக் புரோக்கிங். பெரிய நிறுவனம். செபியில் முறையாகப் பதிவு பெற்றது. பல ஊர்களில் கிளை. போர்டு பார்த்து, கிளைக்கு நேரில் போய்க் கணக்குத் திறந்தவர்கள் லட்சக்கணக்கில்.

2019 நவம்பர் 22-ம் தேதி செபி ஒரு உத்தரவு போட்டது. கார்வி புதிதாக வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. காரணம், கணக்குத் திறக்கும்போது வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்டுத் தந்த பவர் பத்திரத்தை கார்வி தவறாகப் பயன்படுத்தியிருந்தது. வாடிக்கையாளர்களின் ஷேர்களைத் தன் பெயரில் இருந்த ஒரு டீமேட் கணக்குக்கு மாற்றி, அவற்றை வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. 95,000-க்கும் மேற்பட்டவர்களின் ஷேர்கள். மதிப்பு சுமார் 2,300 கோடி ரூபாய்.

பத்திரமாக வச்சுக்கோ என்று ஒருவரிடம் நகையைக் கொடுக்கிறோம். அவர் அதைத் தன் நகை என்று சொல்லி அடகுக் கடையில் வைத்துவிடுகிறார். அதேதான் இங்கே நடந்தது.

அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சுமார் 83,000 பேருக்கு ஷேர்கள் அவரவர் கணக்குக்குத் திரும்பின. மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2020 நவம்பரில் என்.எஸ்.இ. கார்வியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. 2023 ஏப்ரலில் செபி அந்த நிறுவனத்தையும் அதன் தலைவரையும் 7 ஆண்டுகள் சந்தைக்குள் வரக் கூடாது என்று தடை செய்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, பெரிய பெயர், பெரிய போர்டு, செபி பதிவு எல்லாம் இருந்தும் தவறு நடந்திருக்கிறது. பதிவு கட்டாயம் வேண்டும், ஆனால் பதிவு மட்டும் போதாது. இரண்டு, ஷேர் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைப் புரோக்கர் தரும் கணக்கு மட்டும் காட்டாது. டெபாசிட்டரி கணக்குதான் காட்டும்.

புரோக்கரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

குழு நடத்த நமக்குப் பஞ்ச சூத்திரம் இருப்பதுபோல, இதற்கும் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளலாம்.

1. உங்கள் செபி பதிவு எண் என்ன?

புரோக்கரின் பதிவு எண் ஐ.என்.இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணை வாங்கி, செபி இணையதளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட வேண்டும். படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், ஒரு எழுத்து மாறியிருக்கும், ஜாக்கிரதை. வாட்ஸ்அப்பில் அவர்களே அனுப்பும் சர்டிபிகேட் படத்தை நம்பக் கூடாது. யார் வேண்டுமானாலும் அப்படிப் படம் செய்யலாம்.

நம் ஏரியாவில் புரோக்கரின் ஏஜென்ட் என்று ஒருவர் வரலாம். அவரையும் அந்தப் புரோக்கர் மூலமாகப் பங்குச் சந்தையில் பதிவு செய்திருக்க வேண்டும். தெரிந்த பையன், பக்கத்துத் தெரு என்பது பதிவு ஆகாது.

2. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

புரோக்கர் ரொக்கமாகப் பணம் வாங்கக் கூடாது. ஏஜென்ட் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லவும் கூடாது. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து புரோக்கர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். திரும்பி வருவதும் உங்கள் கணக்குக்கே வர வேண்டும்.

யு.பி.ஐ.யில் அனுப்புவதாக இருந்தால் ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல், செபியில் பதிவு பெற்றவர்களுக்குத் தனி யு.பி.ஐ. முகவரி தரப்படுகிறது. அதில் வேலிட் என்ற ஆங்கில வார்த்தையும் வங்கியின் பெயரும் சேர்ந்து வரும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய படம் தெரியும். செபி செக் என்ற வசதியிலும் அந்த முகவரி சரிதானா என்று பார்க்கலாம். ஒரு தனி ஆள் பெயரோ, சம்பந்தமில்லாத ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரோ தெரிந்தால் பணம் அனுப்பாதீர்கள்.

ஷேர் வாங்காமல் புரோக்கரிடம் சும்மா கிடக்கும் பணம் 30 நாளுக்கு ஒருமுறையோ, 90 நாளுக்கு ஒருமுறையோ உங்கள் வங்கிக்குத் திரும்ப வேண்டும். எது வேண்டும் என்று கணக்குத் திறக்கும்போது கேட்பார்கள். 30 நாள் என்று சொல்லுங்கள். பணம் நம் வங்கியிலேயே இருந்து, ஷேர் வாங்கினால் மட்டும் கழியும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வங்கியே நடத்தும் புரோக்கர் நிறுவனங்களிலும் சில பெரிய புரோக்கர்களிடமும் இது கிடைக்கிறது.

3. நான் எதில் கையெழுத்துப் போடுகிறேன்?

கார்விக்குப் பிறகு செபி விதிகளை மாற்றியது. 2022-லிருந்து புது வாடிக்கையாளர்களிடம் பழைய மாதிரி பவர் பத்திரத்துக்குப் பதிலாக டி.டி.பி.ஐ. என்ற படிவம் வாங்குகிறார்கள். நாம் விற்ற ஷேரை நம் கணக்கிலிருந்து எடுத்துத் தருவது போன்ற குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே அது செல்லும். அதுவும் கட்டாயம் இல்லை. அதைத் தராவிட்டால் ஒவ்வொரு முறை விற்கும்போதும் பின் நம்பரும் ஓ.டி.பி.யும் போட வேண்டும். எப்போதாவது விற்பவர்களுக்கு அது ஒரு சிரமமே இல்லை. ஓ.டி.பி. நம் கையில் இருப்பது நல்லதுதானே?

இங்கே முக்கியமான விஷயம், கணக்கில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்பது. பல சகோதரிகள் மகன் நம்பரையோ, வீட்டுக்காரர் நம்பரையோ, கம்ப்யூட்டர் சென்டர்காரர் நம்பரையோ கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் கணக்கு உங்கள் பெயரில், சாவி வேறொருவர் கையில் என்று ஆகிவிடும். நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். இ-மெயில் இல்லையென்றால் உங்கள் பெயரில் ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். நாமினி பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.

4. மொத்தச் செலவு எவ்வளவு?

"புரோக்கரேஜ் ஜீரோ" என்று விளம்பரம் வரும். தரகு மட்டும்தான் ஜீரோ. மற்றவை உண்டு. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.015 சதவீதம் முத்திரைத் தீர்வை, தரகுக்கும் மற்றக் கட்டணங்களுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., விற்கும்போது டீமேட் கட்டணம். இந்த டீமேட் கட்டணம் புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். கணக்குக்காக 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

2,000 ரூபாய்க்கு ஷேர் வாங்கி, அதே விலைக்கு விற்கிறீர்கள். ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால்:

வாங்கும்போது: தரகு 20, ஜி.எஸ்.டி. 3.60, வரி 2, முத்திரை 30 காசு. சுமார் 26 ரூபாய்.
விற்கும்போது: தரகு 20, ஜி.எஸ்.டி. 3.60, வரி 2, டீமேட் கட்டணம் ஜி.எஸ்.டி.யுடன் 17.70. சுமார் 43 ரூபாய்.
மொத்தம் சுமார் 69 ரூபாய். சந்தைக்குத் தரும் சில்லறைக் கட்டணம் தனி.

அதாவது 2,000 ரூபாய் ஷேர் 2,069 ஆனால்தான் போட்ட பணம் கைக்கு வரும். பெரும்பாலான வங்கிகளில் சேமிப்புக் கணக்கில் அதே 2,000-க்கு ஒரு வருட வட்டி 60 ரூபாய்கூட வராது. ஒரு வருட வட்டிக்கு மேல் செலவிலேயே போய்விடுகிறது.

தரகு ஜீரோ என்றால் இதே கணக்கு சுமார் 22 ரூபாயில் முடியும். தொகை 20,000 ரூபாயாக இருந்தால், 20 ரூபாய் தரகிலும் மொத்தச் செலவு சுமார் 108 ரூபாய்தான். 100-க்கு 54 காசு. ஆகவே சின்னத் தொகையில் அடிக்கடி வாங்கி விற்பவர்களைத்தான் செலவு தின்கிறது. சில புரோக்கர்கள் 20 ரூபாய் அல்லது இத்தனை சதவீதம், எது குறைவோ அது என்பார்கள். கிளை வைத்து ஆலோசனை சொல்பவர்கள் சதவீதக் கணக்கில் கூடுதலாக வாங்குவார்கள், குறைந்தபட்சக் கட்டணமும் இருக்கலாம். எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வருடக் கட்டணம் என்று ஒன்று உண்டு. உங்களுக்கு ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்கிறது, ஷேர் மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் என்றால், அடிப்படை சேவை டீமேட் கணக்காக வைத்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பர் முதல் இதற்கு வருடக் கட்டணம் கிடையாது. 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 100 ரூபாய். நமக்கு இது பொருத்தமானது. அவர்களாகச் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

5. பிரச்சினை வந்தால் யாரிடம் போவது?

ஆப் திறக்கவில்லை, பணம் வரவில்லை, நான் சொல்லாமலே ஷேர் விற்றிருக்கிறது. இப்படி எது நடந்தாலும் முதலில் புரோக்கருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். தீரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற இணையதளத்தில் புகார் செய்யலாம். 21 நாட்களுக்குள் நடவடிக்கை எடுத்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. செபியின் இலவச எண் 1800 266 7575. தமிழிலும் பேசலாம். செபிக்குச் சென்னையில் தென்மண்டல அலுவலகமும் உண்டு.

ஷேர் விலை இறங்கியதற்கு யாரிடமும் புகார் செய்ய முடியாது. அது நாம் ஏற்றுக்கொண்ட ஆபத்து. புரோக்கர் செய்த தவறுக்குத்தான் புகார்.

ஆப் இலவசம் என்றால், அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். ஷேர் வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பவரால் ஆப் நிறுவனத்துக்குப் பெரிய வருமானம் இல்லை. தினமும் வாங்கி விற்பவராலும், கடன் வாங்கி ஷேர் வாங்குபவராலும், எப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகம் செய்பவராலும்தான் வருமானம். அதனால் சில ஆப்கள் அந்தப் பக்கமே இழுக்கும். கையில் உள்ளதைப் போல நாலு மடங்கு வாங்கலாம் என்று காட்டும்.

இதில் என்ன நடக்கிறது என்று செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. 2024 ஜூலையில் வந்த ஆய்வின்படி, அன்றே வாங்கி அன்றே விற்பவர்களில் 10 பேருக்கு 7 பேர் நஷ்டப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் வந்த இன்னொரு ஆய்வு எப் அண்ட் ஓ பற்றியது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதி ஆண்டுகளில், அதில் ஈடுபட்ட தனி நபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். எல்லோருடைய நஷ்டத்தையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒருவருக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். நம்மில் பலருக்கு அது இரண்டு வருட வருமானம்.

ஆகவே கணக்குத் திறக்கும் படிவத்தில் ஈக்விட்டி என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். எப் அண்ட் ஓ, கமாடிட்டி, மார்ஜின் என்று இருக்கும் பெட்டிகளில் டிக் போடாதீர்கள். "எல்லாத்துலயும் டிக் பண்ணிடுங்க, பின்னாடி தேவைப்படும்" என்று ஏஜென்ட் சொன்னாலும் வேண்டாம்.

புரோக்கரே இல்லாத புரோக்கர்கள்

இதுவரை சொன்னது உண்மையான புரோக்கர்களைப் பற்றி. போலிகள் தனி ரகம். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குரூப்பில் சேர்ப்பார்கள். "இன்னைக்கு எனக்கு 12,000 வந்துச்சு" என்று குரூப்பில் பலர் போடுவார்கள். எல்லாம் அவர்கள் ஆட்களே. பிறகு ஒரு லிங்க் வரும். அதிலிருந்து ஆப் இறக்கச் சொல்வார்கள். முதலில் போட்ட 2,000 ஆப்பில் 5,000 ஆகத் தெரியும். கொஞ்சம் எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை வந்து பெரிய தொகை போட்ட பிறகு எடுக்க முடியாது. "முதலில் 20 சதவீதம் வரி கட்டுங்கள்" என்பார்கள். அதையும் கட்டினால் அதுவும் போகும். ஆப்பில் தெரிந்த தொகை வெறும் எழுத்துதான், அங்கே ஷேரே கிடையாது. டெபாசிட்டரி கணக்கு எங்கே என்று கேட்டால் பதில் வராது.

மாதாமாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொல்பவரும் புரோக்கர் அல்ல. சென்னையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக 2022-ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் வழக்குப் போட்டார்கள். உண்மையான புரோக்கர் லாபத்துக்கு உத்தரவாதம் தர மாட்டார். தரவும் கூடாது என்பது விதி.

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு, வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து இரண்டு நாள் மறைக்காதீர்கள். நம் பகுதிக்கு 2022 ஜனவரியிலிருந்து ஆவடி காவல் ஆணையரகம் இருக்கிறது. அங்கே சைபர் குற்றப் பிரிவிலும் புகார் தரலாம்.

பெயரை வாடகைக்கு விடாதீர்கள்

"உங்க பேர்ல டீமேட் கணக்கு தொடங்கிக்கிறோம், ஆதாரும் பான் கார்டும் மட்டும் குடுங்க, ஆயிரம் ரூபாய் தர்றோம்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இது புதுப் பழக்கம் அல்ல. 2005-ல் யெஸ் வங்கி, ஐ.டி.எப்.சி. போன்ற நிறுவனங்கள் முதன்முதலாகப் பங்கு வெளியிட்டபோது, சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கிய ஷேர்களைப் பெற ஆயிரக்கணக்கான பினாமி டீமேட் கணக்குகள் திறக்கப்பட்டதை செபி கண்டுபிடித்தது. உங்கள் பெயரில் உள்ள கணக்கில் மோசடிப் பணம் வந்து போனால், போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

புரோக்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. இந்தப் பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

• வாங்கினாலும் விற்றாலும் கான்ட்ராக்ட் நோட் என்ற சீட்டு உங்கள் இ-மெயிலுக்கு வரும். அதில் தரகு, வரி எல்லாம் இருக்கும். பிரிண்ட் எடுத்து ஒரு பைலில் போடுங்கள்.
• உங்கள் டீமேட் கணக்கிலிருந்து ஷேர் வெளியே போனால் டெபாசிட்டரியிலிருந்து எஸ்.எம்.எஸ். வரும். படிக்காமல் அழிக்காதீர்கள். நீங்கள் விற்காமல் அப்படி வந்தால் அன்றே புகார் செய்யுங்கள்.
• வியாபாரம் நடந்த மாதத்துக்கு டெபாசிட்டரி ஒரு தொகுப்புக் கணக்கு அனுப்பும். எதுவும் நடக்காவிட்டால் அரையாண்டுக்கு ஒருமுறை வரும். அதையும் புரோக்கர் ஆப்பில் தெரிவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கம்பெனி பெயர், எண்ணிக்கை இரண்டும் ஒன்றா என்று டிக் போடுங்கள்.
• ஓ.டி.பி., பாஸ்வேர்டு, பின் நம்பர் ஆகியவற்றை யாருக்கும் சொல்லாதீர்கள். புரோக்கர் அலுவலகத்திலிருந்து என்று சொன்னாலும் சொல்லக் கூடாது.
• புரோக்கர் சரியில்லை என்று தோன்றினால் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஷேர் உங்களுடையது, புரோக்கருடையது அல்ல.

மாதம் 500 ரூபாய் மட்டுமே ஒதுக்க முடியும் என்பவர்களுக்கு, தனித்தனி ஷேர் வாங்குவதைவிட மியூச்சுவல் ஃபண்டு பொருத்தமாக இருக்கலாம். அதற்குப் புரோக்கரும் டீமேட் கணக்கும் கட்டாயம் இல்லை. அதிலும் விலை ஏற்ற இறக்கம் உண்டு. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

சகோதரிகளே, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நிலையில் குழுவில் சேர்ந்து, இன்று ரொக்க ஏட்டையும் பாஸ்புக்கையும் வரிக்கு வரி சரிபார்ப்பவர்கள் நம்மிடம் எத்தனையோ பேர். "எங்கே, பாஸ்புக்கைக் காட்டுங்க" என்று ஊக்குநரிடமே கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அந்தக் கேள்வியைப் புரோக்கரிடமும் கேட்போம். கோபப்படாமல், மழுப்பாமல், எழுத்தில் பதில் தருபவர் யாரோ அவரிடம் கணக்குத் திறக்கலாம். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்பவரிடம் வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக ஒருவர் வாசியுங்கள். ஏற்கெனவே டீமேட் கணக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள், அதில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது, எந்தெந்தப் பெட்டியில் டிக் இருக்கிறது என்பதை அந்த வாரமே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தீர்மான நோட்டில் எழுதி கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.